ரெண்டு காதும் தெரியணும்

இந்தாங்க தம்பி, உங்க போன். படம் எடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். படபடன்னு நூறு எடுத்து அதுல ஒண்ணைப் பொறுக்குதது எனக்கு ஆகாது. அம்மாவுக்கு அனுப்பிருங்க. சும்மா சொல்லக்கூடாது, நீங்க போன்ல பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. "சாப்பிட்டேன்மா, சோறுதான் சாப்பிட்டேன், ரசம்கூட கிடைச்சுது"ன்னு புளுகுனீங்கள்லா, அதுலதான் நான் திரும்பிப் பாத்தேன். இந்த ரயில் பெட்டியில நூறு பேரு இருக்காவ. தமிழ்ல பொய் சொல்லுத ஆளு நீங்க ஒருத்தர்தான்.

ஆம்பூரா? ஷூ தைக்குத மெஷின் பாக்கப் போறீங்களா, நல்லது. அப்போ நீங்க இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தாண்டிப் போகணும். நான் அடுத்ததுல இறங்கிருவேன். அரை மணி நேரம் இருக்கு.

எனக்கு சங்கரன்கோவில். பேரு கனகவேல். இந்தச் சீனாவுக்கு வந்து பத்தொம்பது வருஷம். குவாங்சோவுல ஸ்டுடியோ வச்சிருக்கேன். மிக்ஸி, குக்கர், பொம்மை, செருப்பு, எதைக் கொண்டுவந்தாலும் வெள்ளைத் துணியில வச்சுப் படம் எடுத்துக் குடுப்பேன். அது வயித்துக்கு. என் வேலை வேற.

என் வேலை பழைய கட்டடம். இந்தக் கடற்கரை முழுக்க ஊருக்கு ஊர் முன்னோர் மண்டபம் இருக்கு, பாத்திருக்கீங்களா? ஒரே குடும்பப் பேரு உள்ளவங்க எல்லாருக்கும் சேத்து ஒரு மண்டபம். நம்ம குலதெய்வம் கோயில் மாதிரின்னு வச்சுக்கங்க. ஆனா உள்ள சாமி கிடையாது. செத்துப்போன பாட்டன், பூட்டன் பேரை எழுதின மரப் பலகைதான் வரிசை வரிசையா நிக்கும். சிவப்புச் செங்கல் சுவரு, ரெண்டு பக்கமும் முனை மேல ஏறின கூரை, கல் தூணுல டிராகன். அதையெல்லாம் ஃபிலிம்ல எடுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கேன். நூத்திப் பதினாலு படம். ஒரு படத்துல ஒரு மனுஷன் கிடையாது. அவ்வளவு சுத்தமா இருக்கும்.

அந்தச் சுத்தத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த ஜனங்களுக்கு அருமை தெரியல தம்பி. முந்நூறு வருஷத்துத் தூணுல கயிறு கட்டித் துணி காயப் போட்டிருப்பாவ. மண்டபத்துக்குள்ள ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டிருப்பாவ. டியூப் லைட்டு, பிளாஸ்டிக் நாற்காலி, ரோஸ் கலர் பக்கெட்டு! எனக்கு வாரது பாருங்க ஆத்திரம். போனதும் முத வேலையா அதையெல்லாம் வெளியில தூக்கி வைப்பேன். பண்பாட்டைக் காப்பாத்தணும்னா எவனாவது ஒருத்தன் பக்கெட்டைத் தூக்கித்தானே ஆகணும்?

இதுவா? இது சீகல் கேமரா. ஷாங்காய்ல செஞ்சது. எனக்கும் இதுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ரெண்டு கண்ணு இருக்கு பாருங்க, மேல உள்ளது நான் பாக்கதுக்கு, கீழ உள்ளது ஃபிலிம் பாக்கதுக்கு. நேரா நின்னு பாக்க முடியாது, குனிஞ்சுதான் பாக்கணும். எதிர்ல நிக்கவங்களுக்கு நாம ஏதோ கும்பிடுத மாதிரி இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், அதோட சரி. எடுத்துப் பாருங்க, பரவாயில்ல. அந்தத் தகர டப்பாவை மட்டும் தொடாதீங்க. அதுல ஒரு ரோல் இருக்கு. அதைக் குடுக்கத்தான் போறேன்.

யாருக்கா? அது ஒரு சங்கடம் தம்பி. கேட்டுட்டீங்க, சொல்லுதேன். என்மேல தப்பில்லைங்கறதை மட்டும் முதல்லயே சொல்லிருதேன்.

நான் இறங்கப்போற ஸ்டேஷன்லேர்ந்து ஒரு மணி நேரம் பஸ்ல போனா ஒரு ஊரு. பேரு உங்க வாயில நுழையாது, விடுங்க. அங்க உள்ள மண்டபத்துக்குச் சாவி வச்சிருந்தவரு லியாவ் ஷூ. ஷூன்னா சித்தப்பா. உங்க ஆம்பூர் ஷூ இல்ல. எழுவது வயசு, குள்ளமா, கெட்டியா இருப்பாரு. மூணு வருஷம், வருஷா வருஷம் அந்த ஊருக்குப் போனேன். நான் பக்கெட்டைத் தூக்குனா அவரு நாற்காலியைத் தூக்குவாரு. ஏணி பிடிப்பாரு. நான் கவிச்சி தொடமாட்டேன்னு சக்கரைவள்ளிக் கிழங்கு போட்டுத் தனியாக் கஞ்சி வச்சுத் தருவாரு. அந்தப் பானையில மீன் கரண்டி விழுந்துரக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னு காவல் காப்பாரு. நல்ல மனுஷன். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல.

அவரு வீட்டுச் சுவருல பொஞ்சாதி படம் மாட்டியிருந்துச்சு. தவறிப்போனவ. கறுப்புச் சட்டம், கறுப்பு வெள்ளைப் படம், கழுத்து வரைக்கும் பட்டன், நேரா பாக்குத மூஞ்சி. அதுக்குப் பக்கத்துலயே அதே அளவுல இன்னொரு சட்டம் தொங்குச்சு. கண்ணாடி இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. "இது யாருக்கு?"ன்னு கேட்டேன். "எனக்குத்தான்"னு சிரிக்காரு! அந்த ஊர்ல அப்படித்தானாம். உயிரோட இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வச்சுக்கிடணும், எடுத்து வச்சா ஆயுசு கூடும்னு சொன்னாரு. நம்ம ஊர்ல இதைச் சொன்னா வாயில அடிப்பாவ.

மூணாவது வருஷம் நான் கிளம்புததுக்கு முந்தின நாள் சாயங்காலம். மண்டபத்துல படம் எல்லாம் எடுத்து முடிச்சு மூட்டை கட்டிட்டு இருக்கேன். லியாவ் ஷூ வாராரு. முடி வெட்டியிருக்காரு. கருநீலத்துல புதுச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். கையில என்னன்னு நினைக்கீங்க? நான் காலையில வெளிய தூக்கி வச்ச அதே பிளாஸ்டிக் நாற்காலி! அதைக் கொண்டாந்து டியூப் லைட்டுக்கு நேர் கீழ போட்டு, முட்டியில கையை வச்சு உக்காந்துட்டாரு. "எனக்கு ஒண்ணு எடு. நேரா எடு. ரெண்டு காதும் தெரியணும். பல்லு தெரியக் கூடாது"ங்காரு.

"காது எதுக்கு ஷூ?"ன்னேன். "பின்னாடி பிள்ளைங்க வந்து நின்னு கூப்பிடும்லா, கேக்கணும்லா"ன்னாரு. எனக்கென்ன தெரியும், அவரு சொன்னதைச் சொல்லுதேன்.

"போன்ல எடுக்கட்டுமா"ன்னு கேட்டேன். ஒத்துக்கிடல. அவரு தம்பி படமெல்லாம் போன்லதான் இருந்துச்சாம், போன் கடல்ல விழுந்து மொத்தமும் போச்சாம். "உன் கேமராவுல எடு, அதுதான் நிக்கும்"னாரு.

எடுத்தேன். குனிஞ்சு பாத்தேன், டிக்குன்னு அமுக்கினேன். அவரு எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. மறுநாள் நான் குவாங்சோவுக்கு வந்துட்டேன். மார்கழியில ஆளு போய்ச் சேந்துட்டாரு. மண்டபத்து முற்றத்தைத் தூத்துட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டாராம்.

மக போன் பண்ணுச்சு. யூசின்னு பேரு, பக்கத்து டவுன்ல பள்ளிக்கூடத்துல வேலை. என்னை "கான் லாவ்ஷி"ன்னு கூப்பிடும். கனகவேலைச் சுருக்கிக் கான், லாவ்ஷின்னா வாத்தியாரு. "கான் லாவ்ஷி, அப்பா படம் அனுப்புங்க, நாளைக்கு அடக்கம், பெட்டிக்கு முன்னால வைக்கணும்"னு சொல்லுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? லேப்ல குடுத்த ரோலு, கழுவும்போது கெட்டுப்போச்சு. அப்படித்தான் சொன்னேன். லேப்புக்காரன் தப்புக்கு நான் என்ன பண்ண முடியும்?

அதுக்காகச் சும்மா இருந்தேன்னு நினைச்சுராதீங்க. வேற ஒரு படம் அனுப்பினேன். அதுக்கு முந்தின வருஷம் அவருக்குத் தெரியாம எடுத்தது. மண்டபத்து வாசல்ல சாவியோட நிக்காரு, வெளிச்சம் ஒரு பக்கமா விழுது, மூஞ்சி பாதி இருட்டு, பாதி கதவுப் பக்கம் திரும்பியிருக்கு. தம்பி, என் வாழ்க்கையில நான் எடுத்த நல்ல படம் அது. மூணு ஊர்ல கண்காட்சியில வச்சிருக்கேன். பெருசாப் போட்டு, நல்ல தாள்ல, விமானத்துல அனுப்பினேன். அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? "ரொம்ப அழகா இருக்கு கான் லாவ்ஷி. ஆனா அப்பா யாரைப் பாக்காரு?"ன்னு கேட்டுச்சு.

படத்தைத் திருப்பி அனுப்பிட்டாவ. எனக்கு எப்படி இருக்கும்? எவ்வளவு பெரிய அவமானம்! அவங்க போன்ல அவரு படம் இல்லாமலா இருக்கும்? பேத்தியைத் தூக்கி வச்சிருக்கது, நூடுல்ஸ் திங்கது, எல்லாம் இருக்கும். அதுல ஒண்ணை எடுத்து வச்சுக்கிட வேண்டியதுதானே? மாட்டாளாம். அவரா ஆசைப்பட்டு உக்காந்தது அந்த ஒரு படத்துக்குத்தானாம். அதுக்கப்புறம் ரெண்டு தடவை டவுன்ல ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருக்கா. ரெண்டு தடவையும், "எடுத்தாச்சு, நல்ல கேமராவுல எடுத்தாச்சு, கான் பத்திரமா வச்சிருக்கான்"னு சொல்லிட்டாராம். சட்டம் ஒரு வருஷமாக் காலியாத்தான் தொங்குது. வாரவன் போறவன் எல்லாம் கேப்பான். என் பேரு கெடும்லா?

இப்போ வருஷம் திரும்புது. போன வாரம் அந்தப் பிள்ளை மறுபடி போன் பண்ணுச்சு. "கெட்டுப்போனா பரவாயில்ல, அந்த ஃபிலிமையாவது குடுங்க. அப்பா மேல பட்டுத் திரும்பின வெளிச்சம் அதுலதானே விழுந்துச்சு? ஒரு நிழலாவது இருக்கும். அதைச் சட்டத்துக்குள்ள வச்சுக்கிடுதோம்"னு சொல்லுச்சு. அதான் கொண்டு போறேன். தபால்ல அனுப்பியிருக்கலாம். மரியாதையா இருக்கணும்னு நேர்ல போறேன். போதுமா?

இருங்க, அந்தப் பிள்ளைதான் போலிருக்கு. வாய்ஸ் மெசேஜ். உங்களுக்குப் புரியாது, குரலைக் கேளுங்க. எவ்வளவு பதவிசாப் பேசுது பாருங்க.

என்ன சொல்லுதுன்னா… "கான் லாவ்ஷி, நான் வந்துட்டேன், வெளியேறுத வாசல்கிட்ட நிக்கேன். அவசரப்படாம வாங்க. கஞ்சி வச்சுக் கொண்டாந்திருக்கேன், புதுப் பானை. ஒரு கறுப்புத் துணியும் கொண்டாந்திருக்கேன். ஃபிலிம் மேல வெளிச்சம் பட்டுரக் கூடாதுல்லா. அப்பாவைச் சுத்திப் பத்திரமாக் கொண்டு போயிருவோம்."

கறுப்புத் துணியாம். கழுவின ஃபிலிமுக்கு வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாது. அது பாவம், அதுக்குத் தெரியல.

தண்ணி இருக்கா தம்பி? குடுங்க.

அந்த ரோல்ல லியாவ் ஷூ இல்ல.

லேப்புக்காரன் கெடுக்கல. அவன் நல்லவன். இந்த ரோலை நான்தான் புதுசா வாங்கி, முந்தாநாள் பால்கனியில நின்னு, பட்டப்பகல்ல சர்ருன்னு உருவி வெயில்ல காட்டினேன். காட்டிட்டுக் கழுவினேன். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கன்னங்கரேல்னு வந்திருக்கு. பாத்தாலே தெரியும், நிஜமாவே கெட்டுப்போன ஃபிலிம் மாதிரி. தொழில் தெரிஞ்சவன்லா நான்.

அன்னைக்கு லியாவ் ஷூ உக்காந்தாருல்லா, அப்போ இந்தக் கேமராவுல ஃபிலிமே இல்ல. பன்னிரண்டும் முடிஞ்சு போச்சு. பையில ஒரே ஒரு ரோல் இருந்துச்சு. அதை விடியக்காலையில கூரை முனையில வெயில் விழுததுக்குன்னு வச்சிருந்தேன். இந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கும் டியூப் லைட்டுக்கும் எவன் அதைப் பிரிப்பான்னு தோணிச்சு. வெறும் கேமராவைக் குனிஞ்சு பாத்து டிக்குன்னு அமுக்கினேன்.

எங்க அப்பா கத்துக் குடுத்த வித்தை அது. சங்கரன்கோவில்ல கோமதி ஸ்டுடியோன்னு கேளுங்க, பழைய ஆளுகளுக்குத் தெரியும். கல்யாண வீட்டுல ஃபிலிம் எண்ணி எண்ணித்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட மாமா, அவருக்குத் தெரிஞ்சவரு, எல்லாரும் விறைப்பா வந்து நிப்பாவ. "எங்களை ஒண்ணு எடுங்க"ம்பாவ. எங்கப்பா மூஞ்சி சுளிக்க மாட்டாரு. "வாங்கண்ணாச்சி, சேந்து நில்லுங்க"ன்னு சொல்லி, ஃபிலிமைச் சுத்தாம ஃபிளாஷை மட்டும் அடிப்பாரு. வெறும் ஃபிளாஷ்னு அதுக்குப் பேரு. அவங்களும் சந்தோஷமாப் பந்திக்குப் போயிருவாவ. ஆல்பம் வாரப்ப எவனும் வந்து கேக்க மாட்டான். அதை ஏமாத்துன்னு யாரும் சொன்னதில்ல.

ஆனா ஒண்ணு. வயசானவங்க வந்து நின்னா எங்கப்பா அதைச் செய்ய மாட்டாரு. கடைசி ஃபிலிமா இருந்தாலும் நிஜமாவே எடுத்துருவாரு. "நேரா பாருங்க ஆச்சி, ரெண்டு காதும் தெரியணும்"பாரு. அந்தச் சவத்து ஸ்டுடியோ வேணாம், பாஸ்போர்ட் போட்டோவும் செத்தவங்க படமும் எடுத்துச் சாகணுமான்னுதானே நான் கப்பல் ஏறாத குறையா இங்க வந்தேன். வித்தையை மட்டும் பாத்து வச்சுக்கிட்டேன். ஏன் கிழவங்களுக்கு மட்டும் நிஜமா எடுக்கீங்கன்னு அப்பாகிட்ட ஒரு நாள்கூட கேக்கல.

மறுநாள் எடுத்துக்கிடலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். விடிஞ்சா மழை. கூரைக்கும் வெயில் இல்ல, ஒண்ணுக்கும் இல்ல. அந்த ரோலை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டேன். பஸ்ஸுக்கு என்னைக் குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு லியாவ் ஷூ. அப்பவாவது சொல்லியிருக்கலாம். வீட்டுத் தாழ்வாரத்துல உக்கார வச்சு அஞ்சு நிமிஷத்துல எடுத்திருக்கலாம். நல்லாத் திடமா இருந்தாரு தம்பி, எட்டு மாசத்துல போவாருன்னு எவன் கண்டான்? அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

சரி, இப்போ சொல்லுங்க. இந்தக் கறுப்பு ரோலைக் குடுத்தா அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல்தானே? சட்டத்துல வச்சுக் கும்பிடும். யாருக்கு என்ன நட்டம்? நீங்களும்தானே இப்போ அம்மாகிட்ட ரசம் சாப்பிட்டேன்னு சொன்னீங்க. அது மாதிரிதானே இதுவும்?

உங்க போன் அடிக்கி. எடுங்க, எடுங்க. அம்மாதான்.

என்னவாம்? ஏன் ஒரு மாதிரி சிரிக்கீங்க? மூஞ்சி தெரியலைன்னு சொல்லுதாவளா? நல்லாத்தானே எடுத்தேன், கொண்டாங்க பாப்போம்.

அட.

ஜன்னல் நல்லா வந்திருக்கு. கடலு, சிப்பி வளக்குத கம்பு, உங்க நிழலு கண்ணாடியில விழுந்தது, எல்லாம் நல்லா வந்திருக்கு. நீங்க ஓரத்துல இருக்கீங்க. பாதி மூஞ்சி இருட்டு. ஒரு காது இல்ல. "நீ மெலிஞ்சுட்டியா, இல்லையான்னு பாக்கத்தான்டா கேட்டேன்"னு சொல்லுதாவளா? ஆமா, அது இதுல தெரியாது. எப்படித் தெரியும்?

இருங்க தம்பி, இன்னொண்ணு எடுக்கேன்.

அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. வெளிச்சம் மூஞ்சியில நேரா விழட்டும். பின்னாடி அந்த அம்மா பிளாஸ்டிக் பை வச்சிருக்காவ, இருக்கட்டும், அது கெடக்கட்டும். முடியை ஒதுக்குங்க. என்னைப் பாருங்க, போனைப் பாக்காதீங்க. ரெண்டு காதும் தெரியணும். நீங்க சிரிக்கலாம். உங்களுக்குப் பல்லு தெரியலாம், தாராளமாத் தெரியலாம். உங்க அம்மா பாக்கட்டும்.

இந்தாங்க. பாத்துக்கங்க, மூஞ்சி விழுந்திருக்கான்னு நல்லாப் பாத்துக்கங்க. என்கிட்ட நம்பி விட்டுராதீங்க. ரொம்பச் சாதாரணமான படம். எங்கப்பா எடுத்த மாதிரி இருக்கு.

வண்டி மெதுவாப் போகுது. என் ஸ்டேஷன் வந்துருச்சு. அந்தக் கேமராவைக் குடுங்க, கழுத்துல போட்டுக்கிடுதேன். யூசிகிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். "கேமராவுல ஃபிலிம் இல்லம்மா, உங்க அப்பாவை நான் எடுக்கவே இல்ல"ன்னு சொல்லணும். சீனத்துல சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. வாசல்ல புதுப் பானையில கஞ்சியோட நிக்கி. துணியை விரிச்சு, ரெண்டு கையையும் நீட்டும். எப்படிச் சொல்லப்போறேனோ.

வாரேன் தம்பி. உடம்பைப் பாத்துக்கங்க. எதையாவது வயிறு நிறையத் தின்னுட்டு அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க.

இல்ல, மறக்கல. அந்த டப்பா அங்கயே இருக்கட்டும். கதவு மூடுததுக்குள்ள எடுத்துக்கிட்டு என் பின்னாடி ஓடி வந்துராதீங்க. அதுல ஒண்ணும் இல்ல.